214ஆம் இயந்திரத்துக்கு உகந்த நிலை

அந்தச் சிவப்புக் கார் ஆம்பூருக்கு வந்த அன்றைக்கே அதன் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தீர்த்தவர் டிரைவர் எலியாஸ். அவருக்கு அரை நிமிஷம் பிடித்தது. கம்பெனிக்குப் பத்து மாதம் பிடித்தது.

எலியாஸ் அந்த ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டிரைவர். சேர்மன் அப்துல் கரீம் சாயபு அறுபத்தெட்டாவது வயதில், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்ட துக்கத்தில், ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே சீட். அதை ஓட்டிக்கொண்டு வர எலியாஸைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஷோரூம்காரன் நான்கு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. அதில் கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஸ்னோ என்று மூன்று நிலை. அதற்குக் கீழே டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்று ஒரு பட்டன். அது ஆனில் இருந்தால், சக்கரம் வழுக்கும்போது வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளும்.

2006 ஜூன் மாதம் சேர்மன் முதல்முறையாக அதில் ஏறி வீட்டிலிருந்து கம்பெனிக்கு வந்தார். தூரம் இரண்டரை கிலோமீட்டர். வேகத்தடை பதினொன்று. போர்டிகோவில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எலியாஸு, எதுல வச்சா முதுகு நோவாது?"

"கம்ஃபர்ட்ல வச்சாப் போதும் மொதலாளி. கீழ இருக்கற பட்டன் எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். மணல்ல மாட்டிக்கிட்டா மட்டும் ஆஃப் பண்ணிக்கலாம்."

"அப்போ அப்டியே வச்சிடு."

இந்தக் கடைசி வார்த்தை, சேர்மனை வரவேற்கப் பூங்கொத்தோடு நின்றிருந்த ஜெனரல் மேனேஜர் கோதண்டராமனின் காதில் விழுந்தது. அவர் முகம் வாடிவிட்டது. எதையும் 'அப்படியே வைக்கிற' பழக்கத்தை அந்தக் கம்பெனியிலிருந்து ஒழித்ததுதான் அவர் வாழ்க்கையின் சாதனை. வெளிநாட்டுத் தரச்சான்றிதழ் வாங்குவதற்காக ஆறு வருஷம் பாடுபட்டவர் அவர். மின்விசிறியை எத்தனையில் சுழல விடுவது என்பதற்குக்கூடச் சுவரில் ஒப்புதல் எண் ஒட்டியிருக்கும். கேன்டீன் டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்ல ஒரு படிவம். ஜாஸ்தி என்று சொல்ல வேறொரு படிவம். சரியாக இருக்கிறது என்று சொல்லப் படிவம் இல்லாததால் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று மாலையே எலியாஸைக் கூப்பிட்டு விட்டார்.

"எலியாஸ், இந்தக் கார் கம்பெனி பேர்ல வாங்கினது. சொத்துப் பதிவேட்டுல இயந்திரம் எண் 214. 213 என்ன தெரியுமா? ஷூவுக்கு மூக்கு இழுக்கற மிஷின். அந்த மிஷின்ல ஒரு பட்டன மாத்தணும்னா என்ன பண்ணுவோம்?"

"கமிட்டி போடுவோம் சார்."

"அவ்ளோதான்."

"ஆனா சார், கம்ஃபர்ட்ல வச்சாப் போதும் சார்."

கோதண்டராமன் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து எலியாஸின் தோளில் கை வைத்தார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நீ சொல்றது சரின்னு கம்பெனிக்கு எப்படிப்பா தெரியும்?"

இப்படியாக '214ஆம் இயந்திரத்துக்கு உகந்த நிலையைத் தேர்வு செய்யும் குழு' உருவாயிற்று. கோதண்டராமன் தலைவர். ஆவணங்களைக் கட்டிக் காக்கும் சீனிவாசன் செயலாளர். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் பஞ்சாட்சரம் தொழில்நுட்ப உறுப்பினர். எலியாஸ், பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் எல்லாத் தாளிலும் கடைசியில் கையெழுத்துப் போடுகிறவர் என்று அர்த்தம். அவர் இல்லாமல் கூட்டம் செல்லாது. செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணிக்குக் கூட்டம்.

முதல் மூன்று கூட்டங்கள் மொழிபெயர்ப்பில் போயின. தொழிலாளிகளுக்குப் புரியும்படி எல்லா ஆவணமும் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. சீனிவாசன் கம்ஃபர்ட்டைச் 'சொகுசு நிலை' என்றும், ஸ்னோவைப் 'பனி நிலை' என்றும், ஸ்போர்ட்டை 'விளையாட்டு நிலை' என்றும் எழுதிக்கொண்டு வந்தார். பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். தொழிற்சாலை நிலையாணை பதினாலாவது பிரிவின்படி வளாகத்துக்குள் விளையாடுவது தண்டனைக்குரிய குற்றம் என்றார். கோதண்டராமன் அவரைப் பாராட்டினார். விளையாட்டு நிலையில் கார் கேட்டுக்குள் வந்தால் யாருக்கு மெமோ கொடுப்பது, காருக்கா டிரைவருக்கா என்று ஒரு துணைக்குழு ஆராய்ந்தது. டிரைவருக்கு என்று முடிவாயிற்று.

ஜூலையில் வழுக்கல் பரிசோதனை. தோலை மிருதுவாக்கப் போடுகிற எண்ணெயை இரண்டு பீப்பாய் எடுத்துப் பின்பக்கத்து சிமென்ட் தரையில் ஊற்றினார்கள். எலியாஸ் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆனில் வைத்து அதன்மேல் ஓட்டினார். கார் வழுக்கவில்லை. தூரத்தை அளக்க டேப்போடு போன பஞ்சாட்சரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். 'தொழில்நுட்ப உறுப்பினரிடம் மேற்படி வசதி இல்லை' என்று சீனிவாசன் குறிப்பில் எழுதினார். அவர் கிண்டலாக எழுதவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

ஆகஸ்டில் எலியாஸின் மனைவி ஜெயபுஷ்பத்தை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆம்பூரில் பெத்லகேம் பகுதியில் பால்வாடி டீச்சராக இருந்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க மூச்சுப் போதவில்லை. மகள் ஹெப்சி அதே வேலூரில், பாகாயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் வகுப்பு முடிந்து வந்து அம்மாவோடு இருந்தாள். பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. எலியாஸ் ஐந்து மணிக்கு வேலை முடித்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கதவு மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயபுஷ்பம் கேட்டாள்.

"இன்னும் அந்தக் காரு வேலை முடியலியா?"

"வெள்ளிக்கெழம பனில ஓட்டிப் பாக்கணுமாம்."

"ஆம்பூர்ல இன்னா பனி?"

"உப்பக் கொட்டப் போறாங்க. பச்சைத் தோலுக்குப் போடற உப்பு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, ஹெப்சி ஓடிவந்து தலையணையை உயர்த்த வேண்டியதாயிற்று. மூச்சு அடங்கியதும், "சிரிக்க வைக்காதீங்க" என்றாள்.

"நான் இன்னா பண்ணேன். நடக்கறதத்தான் சொன்னேன்."

"வெள்ளிக்கெழம நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வர்றாராம். ஆபரேஷன் பத்தி ரெண்டு பேரையும் வச்சிப் பேசணுமாம். வந்துடுவீங்கல்ல?"

"வர்றேன் புஷ்பா."

திங்கட்கிழமை எலியாஸ் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். கோதண்டராமன் படித்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"வெள்ளிக்கிழமை பனி இருக்கேப்பா."

"வேற யாராவது ஓட்டட்டும் சார்."

"பொறுப்பாளரே ஓட்டணும். வேற ஆள் ஓட்டினா அது வேற பரிசோதனை. அடுத்த வாரம் ஜெர்மனிலேர்ந்து தணிக்கைக்காரங்க வர்றாங்க. 214க்கு ஒப்புதல் இல்லாம நின்னா நான் என்ன பதில் சொல்றது? எனக்கும் குடும்பம் இருக்கு எலியாஸ், அது ஆஸ்பத்திரில இல்லைன்னாலும். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடலாம். மூணுக்கு உன்ன விட்டுடறேன். இது என் வாக்கு."

வெள்ளிக்கிழமை கம்பெனியின் பின்பக்கத்தில் நான்கு வண்டி உப்பைக் கொட்டிப் பரப்பினார்கள். தோல் கிடங்கிலிருந்து எடுத்த உப்பு. நடுநடுவே ரோமமும் கொழுப்பும் ஒட்டியிருந்தன. சுற்றுவட்டாரத்து நாய்களெல்லாம் மதிலோரம் வந்து உட்கார்ந்தன. பரிசோதனை இடத்தில் மொபைல் கூடாது என்பதால் எலியாஸின் போனை செக்யூரிட்டி ரூமில் ஒரு டிரேயில் வைத்தார்கள். பத்து சுற்று ஓட்ட வேண்டும். எலியாஸ் பனி நிலையில் வைத்து, நாறுகிற வெள்ளைத் தரையில் மெதுவாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் சீனிவாசன் பச்சைக்கொடி காட்டினார். டிரேயில் போன் ஏழு முறை அடித்தது.

எட்டாவது சுற்றில் செக்யூரிட்டி அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஹெப்சி கம்பெனி நம்பருக்கே கூப்பிட்டிருந்தாள். அம்மாவுக்கு மூச்சு ரொம்ப மோசமாகிவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அப்பாவை உடனே வரச் சொல்லுங்கள்.

கம்பெனி வண்டிகள் இரண்டும் மெட்ராஸுக்குப் போயிருந்தன. சேர்மன் சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இந்தக் கார எடுத்துக்கினு போடா. ஏன் நின்னுகினு இருக்கே?"

சேர்மன் உள்ளே போய்விட்டார். எலியாஸ் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துக் கதவையும் யாரோ திறந்தார்கள். அட்டையில் படிவங்களைச் செருகிக்கொண்டு கோதண்டராமன் ஏறி உட்கார்ந்தார்.

"நிலை எதுவும் இன்னும் ஒப்புதல் ஆகல. வெறுமனே போனா அது விதிமீறல். ஆனா நெடுஞ்சாலைப் பரிசோதனைன்னு போட்டா போகலாம். எப்படியும் அது பாக்கி இருந்தது. ஒனக்காகத்தான் நானே வர்றேன். போ, போ."

எலியாஸுக்கு அவர்மேல் அந்த நேரத்தில் நன்றிதான் வந்தது. அதைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

காரின் கடிகாரத்தில் மணி மூன்று ஐந்து. நாற்கரச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம். அங்கங்கே மண்மேடு, மாற்றுப்பாதை. இருந்தாலும் வேலூர் ஐம்பது நிமிஷம்தான். கார் சொகுசு நிலையில் சத்தமில்லாமல் ஓடியது. மாதனூர் வந்ததும் கோதண்டராமன் ஓரம் கட்டச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"விளையாட்டு நிலைக்கு மாத்தணும். மூணு நிலையிலயும் ஓட்டினாத்தானே ஒப்பிட முடியும்."

"ஓடறப்பவே திருப்பலாம் சார். நிறுத்த வேணாம். நான் திருப்பிடறேன்."

"திருப்பலாம். ஆனா ஓடற இயந்திரத்துல கை வைக்கக் கூடாதுன்னு நாமதானே எழுதி வச்சிருக்கோம். போன வருஷம் பிரஸ் மிஷின்ல அந்தப் பொண்ணுக்கு ரெண்டு விரல் போச்சே, மறந்துட்டியா? எஞ்சினை அணைச்சிடு."

பத்தொன்பது வருஷமாக, நிறுத்து என்று பின்சீட்டிலிருந்து யாராவது சொன்னால் எலியாஸின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். இப்போதும் போயிற்று. எஞ்சினை அணைத்தார். கோதண்டராமன் சத்தம், அதிர்வு, இருக்கை என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு தாண்டிப் போயின.

"ஓட்டுநர் சௌகரியம். உனக்கு இப்ப எப்டி இருக்கு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு."

"எனக்கா சார்?"

"ஆமாம்பா."

எலியாஸ் காரின் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, மூணு போட்டுக்கறேன்."

மாதனூரில் ஒன்பது நிமிஷம் போயிற்று. விளையாட்டு நிலையில் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. எலியாஸ் விட்ட நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று மிதித்தார். கோதண்டராமன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "வேகத்தை மாத்தாதே, ஒரே வேகத்துல போனாத்தான் கணக்கு" என்றார். எலியாஸ் காலைத் தளர்த்தினார்.

பள்ளிகொண்டாவில் மறுபடி நிறுத்தினார்கள். விளையாட்டு நிலையின் கட்டங்களை நிரப்பும்போது பேனா மை தீர்ந்துபோயிற்று. கோதண்டராமன் இறங்கிப் பெட்டிக்கடைக்குப் போய் நீல மைப் பேனா கேட்டார். கறுப்புதான் இருந்தது. படிவத்தில் இரண்டு மை இருக்கக் கூடாது என்பதால் அடுத்த கடைக்குப் போனார். அப்போது ஹெப்சி கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

கண்ணெதிரே ரங்கநாதர் கோயில் கோபுரம். எலியாஸ் சொன்னார்: "பள்ளிகொண்டா தாண்டிட்டேம்மா. கார்லதான் வர்றேன்."

"சீக்கிரம் வாங்கப்பா."

தன் மகளிடம் ஏன் பொய் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. நின்றுகொண்டிருக்கிறேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அதற்குச் சொல்லக்கூடிய பதில் உலகத்தில் இருக்கவில்லை.

பள்ளிகொண்டாவில் பன்னிரண்டு நிமிஷம். அதற்கப்புறம் பனி நிலை. கார் ரோட்டில் பனி இருப்பதாக நம்பிக்கொண்டு பதமாக, தயங்கித் தயங்கி வேகம் எடுத்தது. பொய்கை தாண்டும் இடத்தில் கோதண்டராமன் மூன்றாவது தடவையாக நிறுத்தச் சொன்னார். டயரைத் தொட்டுப் பார்த்துச் சூடு எழுத வேண்டும். அவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். எலியாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு எஞ்சினைக் கிளப்பினார். கண்ணாடியில், ஒரு கையில் அட்டையும் இன்னொரு கையில் பேனாவுமாகக் கோதண்டராமன் எழுந்து நிற்பது தெரிந்தது. அந்த உருவம் சிறுத்துக்கொண்டே போய் மறைந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தும்போது மணி நான்கு பத்தொன்பது.

மாடியில் வராந்தாவின் கோடியில் ஹெப்சி நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் ஓடிவரவில்லை. அதிலேயே எலியாஸுக்குத் தெரிந்துபோயிற்று.

நான்கு ஐந்துக்கு என்று நர்ஸ் சொன்னாள். பதினாலு நிமிஷம். எலியாஸ் ஜெயபுஷ்பத்தின் கையை எடுத்து வைத்துக்கொண்டார். அது இன்னும் ஆறவில்லை. படித்த படிப்பு எட்டாவதுதான் என்றாலும் அவர் டிரைவர். நேரக் கணக்கு அவருக்குத் தப்பாது. ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. எங்கேயும் நிற்காமல் வந்திருந்தால் மூன்று ஐம்பத்தைந்து. முழுசாகப் பத்து நிமிஷம் அவளோடு இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து, செங்கல் லாரியில் ஏறிக் கோதண்டராமன் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் செம்மண். விஷயம் தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அது நிஜமான அழுகை. அடக்கத்துக்குக் கம்பெனி சார்பில் பெரிய மாலை வந்தது. அடக்கம் முடிந்த நாலாவது நாள் ஒரு கடிதமும் வந்தது. பரிசோதனையின் நடுவில் குழுத்தலைவரைச் சாலையில் விட்டுச் சென்றதை மனிதாபிமான அடிப்படையில் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்றும், மூன்று நிலைகளிலும் நெடுஞ்சாலைத் தகவல் கிடைத்ததற்கு நன்றி என்றும் இருந்தது. கீழே, கையெழுத்துக்காக அந்தப் படிவம் இணைக்கப்பட்டிருந்தது.

அன்றைக்குத்தான் ஹெப்சி, துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"அப்பா கார்ல வர்றாரு, பள்ளிகொண்டா தாண்டிட்டாராம்னு அம்மாகிட்ட சொன்னேம்பா. கண்ணத் தொறந்தாங்க. 'அந்தச் செவப்புக் கார்லயா'ன்னு கேட்டாங்க. 'அப்போ இதோ வந்துடுவாரு, தல வாரி வுடு'ன்னாங்க. வாரிக்கினே இருந்தேன். பாதில..."

எலியாஸ் தலையாட்டினார். வழியில் ரோடு வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள்.

வேலைக்குத் திரும்பினார். ஹெப்சிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருந்தது. ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோதண்டராமன் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒரே ஒரு கையெழுத்து எலியாஸ். தணிக்கைல வேற குறை சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

"இதுல வண்டி நின்ன நேரம் எழுதல சார். எழுதுங்க, போடறேன்."

கோதண்டராமன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லியேப்பா."

அதனால் எலியாஸே ஓரத்தில் பேனாவால் எழுதினார். மாதனூர் ஒன்பது. பள்ளிகொண்டா பன்னிரண்டு. பொய்கை மூன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் எழுத்து இருந்ததால் சீனிவாசன் படிவத்தை ரத்து செய்து புதிது அனுப்பினார். எலியாஸ் அதிலும் அதையே எழுதினார். மாதம் ஒரு படிவம் வந்தது. மாதம் ஒன்று ரத்தாயிற்று. கார் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. முதுகுவலி என்று சேர்மன் பழைய அம்பாசிடருக்கே திரும்பியிருந்தார். யாரும் ஓட்டாத காருக்கு எந்த நிலை உகந்தது என்ற கேள்வி மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் நிலுவையில் இருந்தது.

ஏப்ரல் மாதம் சீனிவாசன் டிரைவர் ஷெட்டுக்கு அவரே நேரில் வந்தார். கையில் புதுப் படிவம். அவர் முகத்தில் என்றுமில்லாத வெளிச்சம்.

"அண்ணே, கமிட்டி ஒத்துக்கிச்சுண்ணே. படிவத்தையே திருத்திட்டோம். ஏழு மாசம் நான் எழுதி எழுதிப் போட்டேன். பாருங்க."

எலியாஸ் வாங்கிப் பார்த்தார். கடைசி வரிசையில் புதிதாக ஒரு கட்டம். 'வண்டி நின்ற நேரம்.' பக்கத்தில் இன்னொரு கட்டம். 'காரணம்.'

நேரத்தை உடனே எழுதிவிட்டார். அதற்குக் கை தயாராக இருந்தது. காரணத்தில் பேனா நின்றது. அங்கே எழுத வேண்டிய பெயரை ஏழு மாதமாக அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். ஏழு எழுத்துக்கு மேல் இருக்காது, பதவியோடு சேர்த்தாலும் ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால் பேனாவை வைத்த பிறகு அவருக்குக் கண்ணில் தெரிந்தது வேறு. ஸ்டியரிங்கில் இருந்த இரண்டு கைகள். பிரேக்கின்மேல் இருந்த ஒரு கால். சாவி அவர் பக்கத்தில்தான் இருந்தது. பொய்கையில் கிளம்பிப் போக முடிந்தது மாதனூரிலேயே முடிந்திருக்கும். அதை யாரும் தடுத்திருக்க முடியாது.

வெளியே ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதி அடங்கியது. சீனிவாசன் பொறுமையாக நின்றிருந்தார்.

எலியாஸ் கட்டத்துக்குள் அடங்கும்படிச் சின்ன எழுத்தில் எழுதினார்: 'நான் நிறுத்தினேன்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

சீனிவாசன் படிவத்தை வாங்கி, மேலேயிருந்து கீழே வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் ஒரு கணம் நின்றது. ஓரத்தில் எழுத்து இல்லை. அடித்தல் இல்லை. மை ஒரே நிறம்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே" என்றார்.